திரைக்குப் பின்னால் பிள்ளைகள்: ஊரில் தோல்பாவைக்கூத்துப் பயிற்சி நடத்தும் முறை

தோலில் செய்த பாவைகளைத் திரைக்குப் பின்னால் ஆட்டிக் கதை சொல்லும் தோல்பாவைக்கூத்தை ஊருக்கு அழைப்பவர்களில் பெரும்பாலோர் அதை ஒரு நாள் நிகழ்ச்சியாகவே எண்ணுகிறார்கள். கலைஞர் வருகிறார், திரை கட்டுகிறார், ஒரு மணி நேரம் கதை சொல்கிறார். அவருக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டதும் எல்லாம் முடிந்துவிடுகிறது. பிள்ளைகளும் சிரித்துக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தை வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கலையைக் கொண்டு பிள்ளைகளிடம் செய்யக்கூடியதில் கால் பங்குகூட அதில் நடப்பதில்லை. பிள்ளைகள் திரைக்குப் பின்னால் போய், பாவையைக் கையில் எடுத்து, தங்கள் குரலில் அதைப் பேச வைக்கும்போதுதான் கூத்தின் முழுப் பயனும் கிடைக்கும். ஊர்ப்புற நூலகர், தொடக்கப்பள்ளி ஆசிரியர், இளைஞர் மன்றத்தார், மகளிர் குழுவினர் என யார் முன்னின்றாலும் நான்கு வாரங்களுக்குள் இதைச் செய்து முடிக்கலாம். பெரிய செலவும் இல்லை. கலைஞருக்குக் கொடுக்கும் ஊதியமே இதில் முதன்மையான செலவாக இருக்கும், அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

எந்தப் பாவை?

தமிழ்நாட்டில் மரபாக ஆடப்படும் பாவைகள் இரண்டு வகை. தஞ்சாவூர், கும்பகோணம் பகுதிகளில் பெயர்பெற்ற பொம்மலாட்டம் மரப்பாவைகளைக் கொண்டது. கனம் குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கினாலும், உடையும் நகையும் சேரும்போது ஒரு பாவை நான்கரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும் வரை இருக்கும். ஆட்டுபவர் ஓர் இரும்பு வளையத்தைத் தலையில் அணிந்து, அதிலிருந்து தொங்கும் நூல்களால் பாவையைத் தாங்கி, அதன் கைகளைக் கம்பிகளால் இயக்குகிறார். பார்ப்பதற்கு அற்புதமானது என்றாலும் பத்து வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்கக் கூடியது அன்று.

தோல்பாவை அப்படியில்லை. பதப்படுத்திய ஆட்டுத்தோலில் வரைந்து, உளியால் துளையிட்டு, வண்ணம் தீட்டி, நடுவில் ஒரு குச்சியைக் கட்டிவிட்டால் பாவை ஆயத்தம். எடை மிகக் குறைவு. ஒரு கைக்கு ஒன்று என்று பிடித்துக்கொள்ளலாம். ஒளி ஊடுருவும் தோல் என்பதால் திரையில் விழுவது வெறும் கறுப்பு நிழலாக இல்லாமல், சிவப்பும் பச்சையுமாக ஒளிரும் வண்ண உருவமாக இருக்கும். கேரளத்தின் பாலக்காட்டுப் பகுதியில், பகவதி கோயில்களில் கூத்துக்கென்றே கட்டிய கூத்துமாடங்களில் கம்பராமாயணப் பாடல்களைப் பாடி ஆடும் பாவைகள் பெரும்பாலும் கறுப்பு நிழலையே தருபவை. ஆந்திரத்துப் பாவைகளோ ஆள் உயரத்தை நெருங்குபவை. நம்முடைய பாவைகள் அளவில் நடுத்தரமானவை, வண்ணம் மிகுந்தவை. பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வகை இல்லை.

இக்கலையைத் தலைமுறைகளாகக் காத்துவருபவர்கள் மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பத்தினர். தஞ்சாவூரை மராத்தியர் ஆண்ட 1676 முதல் 1855 வரையிலான காலத்தையொட்டி இவர்களுடைய முன்னோர் தமிழகம் வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இன்று கன்னியாகுமரி, மதுரை உள்ளிட்ட தென்மாவட்டங்களில் வாழும் இக்குடும்பங்கள் வீட்டுக்குள் மராத்தியின் ஒரு வழக்கைப் பேசிக்கொண்டு, திரைக்குப் பின்னால் அமர்ந்ததும் அந்தந்த வட்டாரத் தமிழில் கதையை நடத்துகிறார்கள். கலைஞர் வருவதற்கு முன்பே பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவைப்பது நல்லது. அவர்களே அவரிடம் போய், ‘உங்க வீட்டுப் பேச்சுல ரெண்டு வார்த்தை சொல்லுங்க தாத்தா’ என்று கேட்பார்கள். பழக்கம் அங்கிருந்து தொடங்கிவிடும்.

கலைஞரிடம் பேச வேண்டியவை

கலைஞரைத் தேடுவதற்குக் கலை பண்பாட்டுத் துறையின் மண்டல மையங்களை அணுகலாம். மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர் போன்ற ஊர்களில் அவை இருக்கின்றன. மாவட்டத் தலைநகரங்களில் இயங்கும் சவகர் சிறுவர் மன்றங்களிலும் விசாரிக்கலாம். தொலைபேசியில் நாள் குறித்துக்கொள்வதோடு நிறுத்தாமல், முடிந்தால் நேரில் ஒருமுறை போய்ப் பேசிவிட வேண்டும். ஏனெனில் நீங்கள் அவரிடம் கேட்கப்போவது வழக்கமான ஒரு கூத்து மட்டுமன்று. ஓர் இரவு கூத்து, மறுநாள் பிள்ளைகளோடு ஒரு பகல், சில வாரங்கள் கழித்துப் பிள்ளைகள் ஆடும் நாளில் மீண்டும் ஒரு வருகை. இந்த மூன்றுக்கும் தனித்தனியாக ஊதியம் பேச வேண்டும். பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் பகலை ‘சும்மா கொஞ்ச நேரம் பேசுங்கள்’ என்று இலவச இணைப்பாக்குவது முறையன்று. கூத்து ஒருவர் செய்யும் வேலையாகத் தெரிந்தாலும், பின்னால் ஆர்மோனியமும் மிருதங்கமும் ஜால்ராவும் வாசிப்பவர்கள், பாவைகளை வரிசையாக எடுத்துக்கொடுப்பவர் என ஒரு குடும்பமே உழைக்கிறது. எனவே வண்டிச் செலவு, தங்கும் இடம், சாப்பாடு ஆகியவற்றை எத்தனை பேருக்குச் செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தக் கதை என்பதையும் அப்போதே பேசிவிடலாம். இராமாயணம் பத்து இரவுகள் நடத்தப்படும் கதை. மழை வேண்டி அதை ஊரில் நடத்துவிக்கும் வழக்கம் தென்மாவட்டங்களில் உண்டு. நல்லதங்காள் கதையும் அரிச்சந்திரன் கதையும் பெரியவர்களையே கலங்கடிக்கக் கூடியவை. தாய் தன் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளும் கதையைச் சிறு பிள்ளைகளின் முதல் கூத்தாக நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். அனுமன் இலங்கைக்குத் தாவுவது, வாலில் தீ வைப்பது, மயில்ராவணன் கதை போன்ற பகுதிகளில் ஓட்டமும் மாயமும் சண்டையும் நிறைய இருப்பதால் அவை பொருத்தமானவை. கலைஞரிடம் கதையை இருபது நிமிடத்துக்குச் சுருக்கச் சொல்லாதீர்கள். ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை அதற்குரிய வேகத்தில் ஒன்றேகால் மணி நேரம் நடத்தச் சொன்னால் கூத்து கூத்தாக இருக்கும்.

இன்னொன்றும் பேச வேண்டும். கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்தால் திரைக்கு முன்னால் இருக்கும் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். கதைக்கு நடுவே புகுந்து, இராவணன் என்றும் இராமன் என்றும் பாராமல் கேலி பேசும் இந்த இருவரும்தான் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தவர்களாகப் போகிறார்கள். ஆனால் நள்ளிரவில் பெரியவர்கள் கூட்டத்துக்கென்று வளர்ந்த நகைச்சுவையில் கொச்சையும், உடலைப் பற்றிய, சாதியைப் பற்றிய கிண்டலும் கலந்திருக்கலாம். ‘முன்னால் இருப்பவர்கள் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கூட்டத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றிக்கொள்வது அவர்களுக்குக் கைவந்த கலை.

பாவைகளைப் பிள்ளைகள் தொடலாமா என்பதை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அவற்றில் சில அவருடைய தாத்தா வெட்டியவையாக இருக்கலாம். எதைக் காட்டலாம், எதைக் கையில் கொடுக்கலாம் என்று முடிவு செய்யும் உரிமை அவருடையது.

இடம், திரை, விளக்கு

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்றைக் கவனியுங்கள்: தேர்வுக் காலமாக இருக்கக் கூடாது, மழைக்காலமாக இருக்கக் கூடாது, முழுநிலவு நாளாக இருக்கக் கூடாது. ஈரக் காற்றில் தோல் துவண்டு சுருளும். நிலவொளியில் திரை வெளுத்துப்போகும். தை பிறந்த பிறகு அமாவாசையை ஒட்டி வரும் ஒரு சனிக்கிழமை இரவு பொருத்தமானது. தெருவிளக்கு எரியும் இடமானால் அந்த ஒரு விளக்கை மட்டும் அணைத்துவைக்க ஊராட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். இதை மறந்துவிட்டுக் கடைசி நேரத்தில் விளக்குக்குச் சாக்கு கட்டுபவர்களைப் பல ஊர்களில் பார்க்கலாம்.

கலைஞர் தம் திரையைத் தாமே கொண்டுவருவார். பிள்ளைகளின் பயிற்சிக்கென்று நீங்கள் தனியாக ஒன்று கட்ட வேண்டும். அதற்கு ஒரு வெள்ளை நூல் வேட்டி போதும். எட்டு முழ வேட்டியைப் பிரித்தால் ஏறத்தாழ பன்னிரண்டு அடி நீளம் கிடைக்கும். கரை மேலும் கீழுமாக வரும்படி வைத்து, இரண்டு கம்பங்களுக்கு இடையே சுருக்கம் விழாமல் இழுத்துக் கட்டுங்கள். துணி தளர்ந்திருந்தால் பாவையை அதன்மேல் அழுத்தும்போது குழி விழுந்து உருவம் கோணும். திறந்த வெளியில் காற்று பட்டால் வேட்டி பாய்மரம்போல் உப்பிவிடும் என்பதால், பின்பக்கம் ஒரு சுவரும் இரு பக்கங்களிலும் ஓலைத்தட்டியும் இருக்கும் இடம் நல்லது. சத்துணவுக் கூடத்தின் தாழ்வாரமோ கோயில் மண்டபமோ இதற்கு ஏற்றது. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் தயக்கமின்றி வந்து உட்காரக்கூடிய இடமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். சில தெருப் பிள்ளைகள் வர முடியாத இடத்தில் நடத்துவதைவிடப் பள்ளிக்கூடத் திண்ணையில் நடத்துவதே மேல்.

திரையின் அடிப்பகுதியில் கிடைமட்டமாக ஒரு வாழைத்தடியைப் போட்டுவையுங்கள். பேசாமல் நிற்க வேண்டிய பாவைகளின் குச்சியை அதில் குத்தி நிறுத்திவிட்டால் பிள்ளைகளின் கை சோர்ந்துபோகாது. ஜாவாத் தீவின் வயாங் நிழற்கூத்தில் இப்படித்தான் செய்கிறார்கள். வாழை விளையும் நம் ஊர்களிலும் இதற்குக் காசு செலவில்லை.

பாவை ஆட்டுபவருக்கும் திரைக்கும் இடையில், தலைக்குச் சற்று மேலே விளக்கைத் தொங்கவிட வேண்டும். ஆட்டுபவருக்குப் பின்னால் விளக்கை வைத்தால் அவருடைய நிழலே திரையை மறைக்கும். முற்காலத்தில் எண்ணெய் விளக்கும் பின்னர் பெட்ரோமாக்ஸும் இருந்த இடத்தில் இப்போது மின்விளக்கு வந்துவிட்டது. எண்ணெய்ச் சுடரின் நடுக்கத்தில் பாவைகள் மூச்சுவிடுவதுபோல் தோன்றும் என்பது உண்மைதான். ஆனாலும் துணியும் காகிதமும் பிள்ளைகளும் இருக்கும் இடத்தில் திறந்த சுடர் வேண்டாம். சாதாரண எல்இடி பல்பு ஒன்று போதும். அது பழைய குண்டு பல்பைப்போல் சுடுவதுமில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட விளக்குகளைப் போட்டால் ஒவ்வோர் உருவத்துக்கும் இரண்டு மூன்று நிழல்கள் விழும். குழல்விளக்கும் வேண்டாம், அதன் ஒளி நீண்ட பரப்பிலிருந்து வருவதால், பாவை துணியை விட்டுச் சற்றே விலகினாலும் உருவம் கலங்கிவிடும்.

இதைச் சொல்லிக்கொடுப்பதைவிடப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி விட்டுவிடலாம். கைப்பேசியின் டார்ச்சை ஒருவர் பிடிக்க, இன்னொருவர் கையைத் திரைக்கும் விளக்குக்கும் இடையே முன்னும் பின்னும் நகர்த்தட்டும். விளக்கை நெருங்கும்போது நிழல் பூதமாக வளர்வதையும், திரையை ஒட்டும்போது கை அளவுக்குச் சுருங்குவதையும் பார்த்ததும், ‘அனுமன் விசுவரூபம் எடுக்கறதுக்கு இதுதான் வழி’ என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும். ஒளி நேர்க்கோட்டில் செல்கிறது என்று அறிவியல் பாடத்தில் படிப்பதை அவர்கள் அங்கே கண்ணால் பார்த்துவிடுகிறார்கள்.

பிள்ளைகள் செய்யும் பாவை

கூத்து நடந்த மறுநாள் காலையே பிள்ளைகளைத் திரைக்குப் பின்னால் கூட்டிச் செல்லுங்கள். இடைவெளி விட்டால் சூடு ஆறிவிடும். தோலை ஊறவைத்து மயிர் நீக்கி, இழுத்துக் கட்டிக் காயவைத்து, இருபுறமும் வண்ணம் தீட்டுவதைக் கலைஞர் விளக்கட்டும். ஆடையையும் நகையையும் துளைகளாலேயே காட்டும் நுணுக்கத்தை அவர் பாவையை விளக்கின்முன் பிடித்துக் காட்டினால் பிள்ளைகளுக்கு உடனே புரியும். ஆனால் பிள்ளைகள் தோலில் வேலை செய்ய வேண்டியதில்லை. அதற்குக் கூரான உளியும் பல நாள் பொறுமையும் வேண்டும்.

அவர்களுக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளே போதும். ஒவ்வொரு வீட்டிலும் கட்டுக்கட்டாகக் கிடக்கும். கத்தரிக்கோலுக்கு இணங்கும், மடங்காமல் நிற்கும். பாவையின் உயரம் ஒரு சாணுக்குக் குறையாமலும் ஒரு முழத்துக்கு மிகாமலும் இருக்கட்டும். முகத்தைப் பக்கவாட்டில் வரையச் சொல்லுங்கள். நேர்முகமாக வரைந்தால் மூக்கும் வாயும் நிழலில் தெரியாமல் போய், எல்லாப் பாவையும் உருண்டைத் தலையாக நிற்கும். பிள்ளைகள் முதலில் நேர்முகமாகத்தான் வரைவார்கள். ஒன்றை வெட்டித் திரையில் வைத்துக் காட்டினால் அடுத்ததை அவர்களே மாற்றிக்கொள்வார்கள். கண், காதணி, சட்டைப் பொத்தான், சேலைக்கரை ஆகியவற்றைத் துளையாக இடுவதற்குக் கோப்புகளில் துளையிடும் பஞ்சிங் கருவி போதும். சிறுவர்கள் கையில் பிளேடைக் கொடுக்காமல், உள்ளே வெட்டி எடுக்க வேண்டிய பகுதிகளைப் பெரியவர்கள் செய்துகொடுக்க வேண்டும்.

வண்ணத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. வெட்டி எடுத்த பகுதிகளின்மேல் வண்ணக் கண்ணாடித் தாளை ஒட்டுவது ஒன்று. மெல்லிய வெள்ளைத் தாளில் படம் வரைந்து ஸ்கெட்ச் பேனாவால் வண்ணம் தீட்டி, அதன்மேல் தேங்காய் எண்ணெயைப் பஞ்சால் தடவுவது மற்றொன்று. எண்ணெய் ஊறிய தாளில் ஒளி ஊடுருவி, தோல்பாவையின் சாயல் கிடைத்துவிடும். வண்ணம் தீட்டிய பிறகே எண்ணெய் தடவ வேண்டும், ஏனெனில் எண்ணெய்த் தாளில் பேனா எழுதாது. மிகுந்த எண்ணெயைப் பழைய செய்தித்தாளில் ஒற்றி, ஓரங்களுக்கு அட்டைச் சட்டம் ஒட்டிவிட்டால் தாள் துவளாது.

அசையும் உறுப்பு ஒன்றே ஒன்று இருக்கட்டும். பிள்ளைகள் இரண்டு கை, இரண்டு கால், வாய், வால் எல்லாம் அசைய வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். ஆனால் ஒரு கையால் பாவையைப் பிடித்து மறு கையால் ஓர் உறுப்பை இயக்குவதற்கு மேல் யாராலும் முடியாது. முழங்கையிலோ தோளிலோ துளையிட்டு, நூலைக் கோத்து, இரு பக்கமும் முடிச்சுப் போடுங்கள். இறுக்கினால் கை அசையாது, தளர்த்தினால் தொங்கும். நடுக்குச்சிக்கு மூங்கில் சிம்பைப் பிளந்து அதன் இடையில் பாவையைச் செருகிக் கட்டலாம். கைக்குத் தென்னை ஈர்க்கு போதும்.

கதையைப் பிள்ளைகளிடமிருந்து எடுத்தல்

விழிப்புணர்வு என்ற பெயரில் பெரியவர்கள் எழுதிக்கொடுக்கும் வசனங்கள்தான் இத்தகைய முயற்சிகளைப் பெரும்பாலும் கெடுக்கின்றன. ‘நெகிழியை ஒழிப்போம், நிலத்தைக் காப்போம்’ என்று ஒரு பாவை கையை உயர்த்திச் சொன்ன கணமே திரைக்கு முன்னால் இருப்பவர்கள் பேச்சுப்போட்டியைக் கேட்கும் முகத்தோடு உட்கார்ந்துவிடுவார்கள். எனவே முதல் கூத்துக்குச் செய்தி எதுவும் வைக்காதீர்கள். ஊரில் பிள்ளைகளைத் தொந்தரவு செய்வது எது, அவர்களைச் சிரிக்க வைப்பது எது என்று கேளுங்கள். நேரத்துக்கு வராத பேருந்து, சைக்கிளைத் துரத்தும் நாய், தண்ணீர்த் தொட்டிமேல் ஏறும் குரங்கு, வகுப்பில் தூங்கிப்போன அண்ணன் என்று வரிசையாக வரும். அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு அதற்குள் உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் அனுப்புங்கள். மரபிலேயே இந்த இருவருக்கும் எந்தக் கதைக்குள்ளும் நுழையும் உரிமை இருப்பதால், இலங்கையில் உலவியவர்கள் உங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் நிற்பது யாருக்கும் விசித்திரமாகத் தோன்றாது. நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகள் பேசினால் இப்படி இருக்கலாம்:

‘ஏல உளுவா, பஸ்சு எத்தன மணிக்குல வரும்?’

‘அஞ்சு மணிக்கு.’

‘இப்பமே மணி ஆறு ஆவுதே!’

‘நான் நாளைக்கு அஞ்சு மணியல்லா சொன்னேன்.’

இது தாளில் எழுதப்படாமல் வாயிலிருந்தே வர வேண்டும். இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே உட்காரவைத்து, ஒருவர் முட்டாள்தனமாகக் கேட்க, மற்றவர் அதைவிட முட்டாள்தனமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று விதி வகுத்துவிட்டால் போதும். நன்றாக வந்த வரிகளை மட்டும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, காட்சிகளின் வரிசையைச் சுவரில் ஒட்டிவையுங்கள். வசனத்தை மனப்பாடம் செய்யவைத்தால் மறந்துபோகுமோ என்ற பயம் வந்துவிடும். காட்சியின் வரிசை மட்டும் தெரிந்திருந்தால் எதை மறந்தாலும் பேச்சு ஓடும். மொழியைத் திருத்தாதீர்கள். ‘இப்பம்’ என்று சொல்லும் பிள்ளையை ‘இப்பொழுது’ என்று சொல்ல வைத்தால் அதன் குரல் அந்த நிமிடமே சுருங்கிவிடும். அதேநேரம், யாருடைய நிறத்தையும் உடலையும் சாதியையும் வீட்டு வறுமையையும் வைத்துச் சிரிக்க வைக்கக் கூடாது என்ற ஒரு கட்டுப்பாட்டை முதல் நாளிலேயே சொல்லி, கடைசிவரை விட்டுக்கொடுக்காமல் காக்க வேண்டும்.

செய்தி வேண்டும் என்று நலவாழ்வுத் துறையோ பள்ளியோ கேட்டால், அடுத்த கூத்தில் பார்த்துக்கொள்ளலாம். அப்போதும் அதை அறிவுரையாக அல்லாமல் கேள்வியாக வையுங்கள். கொசுக்கடி பற்றிய கூத்தில், தேங்காய்ச் சிரட்டையில் தேங்கிய தண்ணீரைப் பார்த்து உச்சிக்குடும்பன், ‘எங்க வீட்டுக் கொசுவுக்கு நான்தான் தொட்டில் கட்டிக் குடுத்தேன்’ என்று பெருமையடித்துக்கொண்டால், அதைக் கவிழ்த்துப் போடச் சொல்லி முன்வரிசைப் பிள்ளைகள் தாமாகவே கத்துவார்கள்.

ஆட்டப் பயிற்சி

வாரத்துக்கு இரண்டு மாலைகள், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் பிள்ளைகள் சலிக்க மாட்டார்கள். எட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் பாவை ஆட்டலாம். அதற்குக் கீழே உள்ளவர்கள் தாளம் தட்டவும் பாடவும் மிருகங்களின் ஒலி எழுப்பவும் உதவுவார்கள்.

கற்றுக்கொடுக்க வேண்டிய முதல் விதி, பேசும் பாவை மட்டுமே அசைய வேண்டும் என்பது. முகத்தில் வாய் அசையாத நிலையில், யார் பேசுகிறார் என்பதைப் பார்ப்பவர்கள் அசைவை வைத்துத்தான் அறிகிறார்கள். எல்லாப் பாவைகளும் ஒரே நேரத்தில் ஆடினால் வசனம் யாருடையது என்று தெரியாமல் போகும். எளிமையான விதிதான், ஆனால் பிள்ளைகளின் கை சும்மா இருக்காது. பயிற்சிக் காலத்தின் பாதி இதற்கே போகும். அடுத்து, பாவையைத் துணியோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். பிறகு நுழைவும் வெளியேற்றமும்: பக்கத்திலிருந்து நடந்து வந்து, பக்கமாகவே போக வேண்டும். நடுவில் சட்டென்று முளைப்பதும் மறைவதும் மாயாவிகளுக்கு உரியவை. மயில்ராவணன் அப்படி வரலாம், தபால்காரர் வரக்கூடாது. திரும்பி நடப்பதற்குப் பாவையைத் துணியிலிருந்து எடுத்து நொடியில் புரட்டி வைக்கும் லாகவத்தைக் கலைஞர் செய்துகாட்டுவதைக் கவனித்துப் பழகலாம்.

மரபான கூத்தில் ஒரே கலைஞர் இராமனாகவும் சீதையாகவும் அரக்கனாகவும் பேசுகிறார், பாடுகிறார், பாவையையும் ஆட்டுகிறார். பிள்ளைகளுக்கு அந்தச் சுமை வேண்டாம். ஆனால் பேசுபவரும் ஆட்டுபவரும் ஒருவராகவே இருக்கட்டும். ஒருவர் ஒலிபெருக்கியில் பேச, இன்னொருவர் ஆட்டும் ஏற்பாட்டில் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும். ஒலிபெருக்கியே இல்லாமல், அறுபது எழுபது பேருக்குக் கேட்கும்படி பேசப் பழக்குவது இன்னும் நல்லது. வகுப்பில் எழுந்து நின்று ஒரு வரி படிக்கத் தயங்கும் பிள்ளை, தன் முகம் யாருக்கும் தெரியாத இந்த இடத்தில் வாய் ஓயாமல் பேசுவதை நீங்கள் பார்க்க நேரிடும். அப்போது எல்லார் முன்னிலையிலும் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பாராட்டிக் கூச வைக்காமல், அடுத்த காட்சியில் இன்னொரு பாவையைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

பாவைகளை நுழையும் வரிசைப்படி அடுக்கி எடுத்துக்கொடுப்பவர் இல்லையென்றால் இருட்டில் கூத்து குழம்பிவிடும். இந்த வேலையை நிதானமான, கதை முழுவதும் தெரிந்த ஒரு பிள்ளையிடம் ஒப்படையுங்கள். தகர டின், வெண்கலக் கிண்ணம், காலால் மிதித்து ஒலியெழுப்ப ஒரு பலகை ஆகியவை பக்கவாத்தியத்துக்குப் போதும். சண்டைக் காட்சிக்குப் பலகை ஒலியைப்போல் எதுவும் உதவாது. எந்த வேலையையும் ஆண்பிள்ளைக்கு, பெண்பிள்ளைக்கு என்று பிரிக்க வேண்டாம். பெண்பிள்ளைகள் பயிற்சி முடிந்து இருட்டில் வீடு திரும்புவதற்கு வேண்டிய துணையை மட்டும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டால், வீட்டில் அனுப்பத் தயங்க மாட்டார்கள்.

பிள்ளைகள் ஆடும் இரவு

பிள்ளைகளின் கூத்து இருபது நிமிடத்துக்குமேல் போக வேண்டாம். அதை முதலில் வைத்து, கலைஞரின் கூத்தைப் பின்னால் வையுங்கள். தேர்ந்த ஆட்டத்தைப் பார்த்த கண்ணுக்குப் பிறகு அட்டைப் பாவைகள் எடுபடா. முன்னால் வைத்தாலோ பிள்ளைகள் தங்கள் வேலை முடிந்த நிம்மதியோடு அவர் செய்யும் ஒவ்வொன்றையும் தொழில்காரர் கண்ணோடு பார்ப்பார்கள். கலைஞர் வழக்கம்போல் பிள்ளையார் வணக்கத்தோடு தொடங்குவார். பிள்ளைகள் கூத்துக்கு எப்படிப்பட்ட தொடக்கம் வேண்டும் என்பதை, எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் சேர்ந்திருக்கும் குழுவாக இருந்தால் அவர்களையே கேட்டு முடிவு செய்யலாம். ஊரின் பெயரையும் குளத்தையும் பாடும் நான்கு வரிகளே போதும். தலைவர்களின் வாழ்த்துரை இருந்தால் அதைக் கூத்துக்குப் பின்னால் தள்ளிவிடுங்கள். இருட்டும்வரை காத்திருந்த பிள்ளைகளை மேலும் அரைமணி நேரம் பேச்சுக் கேட்க வைப்பது கொடுமை. ஆட்டம் முடிந்ததும் வேட்டித் திரையை அவிழ்த்து, உள்ளே இருந்தவர்கள் யார் யார் என்று பெற்றோருக்குக் காட்டுங்கள்.

அதன் பிறகு அட்டைப் பாவைகளைச் செய்தித்தாள்களுக்கு இடையே படுக்கைவாக்கில் அடுக்கி, ஒரு தகரப் பெட்டியில் போட்டு நூலகத்திலோ பள்ளியிலோ வைக்கலாம். எண்ணெய்த் தாள் பாவைகளைத் தனியே வைக்காவிட்டால் மற்றவற்றில் கறை ஏறும். எறும்பும் கரப்பானும் வரும் என்பதால் மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். பெட்டிச் சாவி பெரியவர் ஒருவரிடம் பூட்டிக் கிடக்காமல், பாவைகளை எடுத்துக்கொடுத்த அந்தப் பிள்ளையிடமே இருக்கட்டும். மார்ச் 21 உலகப் பாவைக்கூத்து நாள். அடுத்த கூத்துக்கு அந்த நாளைக் குறித்துக்கொண்டு, கலைஞருக்கு இப்போதே முன்பணம் கொடுத்துவையுங்கள்.